ட்ரெய்லர் இழுக்கும்போது மட்டும் ஒழுகும் டிரான்ஸ்மிஷன் ஆயில்: கசிவைக் கண்டுபிடிக்கும் வழி

பிக்கப் வண்டி சும்மா ஓடும்போது ஒரு சொட்டுகூட ஒழுகாது. பின்னால் டிராவல் ட்ரெய்லரையோ படகையோ மாட்டிக்கொண்டு ஒரு மலை ஏறி இறங்கி நிறுத்தினால், அடியில் சிவப்பாக ஒரு கறை. அமெரிக்காவில் புதிதாக ட்ரெய்லர் இழுக்கத் தொடங்குகிறவர்களில் பலர் முதல் கோடையிலேயே இதைப் பார்த்துவிடுகிறார்கள். வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால், வெறும் வண்டியை லிஃப்டில் தூக்கிப் பார்த்துவிட்டு "ஒன்றும் தெரியலையே" என்று அனுப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வது பொய்யுமில்லை. ஆறிப்போய், பாரமில்லாமல் நிற்கிற வண்டியில் அந்தக் கசிவு இருக்காதுதான்.

அதனால் எந்த நேரத்தில் ஒழுகுகிறது என்பதை முதலில் பிடிக்க வேண்டும். ராத்திரி நிறுத்திவைத்தபோதா, இன்ஜின் ஓடும்போதா, பாரத்தோடு சூடேறியபோது மட்டுமா? இது தெரிந்துவிட்டால் எங்கிருந்து ஒழுகுகிறது என்பதில் பாதி தெரிந்த மாதிரி.

வழியிலேயே கண்ணில் பட்டால்

வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்க்கிற வேலை ஒருபுறம் இருக்கட்டும். நெடுஞ்சாலையில் போகும்போதே எரிந்த வாடை வருகிறது, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் லேசாகப் புகை, அல்லது மீட்டரில் டிரான்ஸ்மிஷன் வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது என்றால் என்ன செய்வது?

கியர் இன்னும் ஒழுங்காகப் பிடிக்கிறது, புகை இல்லை என்றால் சாலையோர ஷோல்டரில் ஒதுங்குவதைவிட அடுத்த எக்ஸிட்டில் இறங்கிவிடுவது நல்லது. ஒதுங்கி நிற்கிற அவசரகால வண்டிக்கு வழிவிட்டு விலகிப் போக வேண்டும் என்ற சட்டம் 50 மாநிலங்களிலும் இருக்கிறது, பழுதாகி நிற்கிற சாதாரண வண்டியும் அதில் சேர்வது எல்லா மாநிலங்களிலும் இல்லை. சேர்கிற இடத்திலும், 70 மைல் வேகத்தில் வருகிற எல்லோரும் அதை நினைவில் வைத்திருப்பார்கள் என்று நம்பி வண்டிக்கடியில் தலையை விடாதீர்கள். ஷோல்டரில் நின்றே ஆக வேண்டுமென்றால் குடும்பத்தைத் தடுப்புக்கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கவையுங்கள்.

நிறுத்தியதும் இரண்டில் ஒன்று. வெப்பம் மட்டும் ஏறியிருக்கிறது, அடியில் ஈரம் இல்லை என்றால் இன்ஜினை அணைக்க வேண்டாம். பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சில நிமிடம் ஓடவிடுங்கள். ஆயில் கூலர் வழியாகச் சுற்றிச் சுற்றி ஆறும். அடியில் ஒழுகுகிறது என்றால் உடனே அணைத்துவிடுங்கள். சூடான எக்ஸாஸ்ட் குழாயில் இந்த ஆயில் பட்டால் தீப்பிடிக்கும். புகை வந்தால் எல்லோரும் இறங்கி விலகிவிட வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். ட்ரெய்லர் இழுக்கிற வண்டியில் அது இல்லாமல் கிளம்பக்கூடாது என்பது என் கட்சி.

சில விநாடிக்கு ஒரு சொட்டு என்றால், சரியான ஆயில் கையிலிருந்து, அளவு பார்த்து ஊற்றவும் முடிந்தால், ட்ரெய்லரைப் பத்திரமான இடத்தில் கழற்றி விட்டுவிட்டு வண்டியை மட்டும் மெதுவாக அருகிலிருக்கும் ஊருக்கு ஓட்டலாம். நூல் பிடித்த மாதிரி ஒழுகினால் வேண்டாம். இத்தகைய டிரான்ஸ்மிஷன் பெட்டியில் மொத்தமே 10 முதல் 13 குவார்ட் ஆயில்தான் இருக்கும். அதில் ஒன்றிரண்டு குறைந்தாலே ஏற்றத்தில் பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி நகரவில்லை என்றால் கிளட்சுகள் வழுக்குகின்றன என்று பொருள். அப்புறம் ஓட்டுகிற ஒவ்வொரு மைலும் சில நூறு டாலர் வேலையைச் சில ஆயிரமாக மாற்றும். சக்கரத்தில் உருட்டி இழுத்துப்போகாமல், முழு வண்டியையும் ஏற்றிப்போகும் ஃப்ளாட்பெட் வண்டியைக் கேளுங்கள். உங்கள் சாலை உதவித் திட்டம் ட்ரெய்லரையும் சேர்த்துத் தூக்குமா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவைப்பது நல்லது. பல திட்டங்களில் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

பாரம் இழுத்தால் மட்டும் ஏன்?

ஆட்டோமேட்டிக் பெட்டியில் இன்ஜினையும் கியரையும் இணைப்பது டார்க் கன்வெர்ட்டர். அதற்குள்ளே ஒரு பக்கத்து விசிறி ஆயிலைத் தள்ள, எதிர்ப்பக்கத்து விசிறி அந்தத் தள்ளலில் சுழல்கிறது. சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போது உள்ளிருக்கும் லாக்கப் கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும், சூடு அவ்வளவாக இல்லை. பாரத்தோடு ஏறும்போது பூட்டு விட்டுவிட்டுப் பிடிக்கும். அந்த நேரங்களில் ஆயில் கடையப்படுகிறது, கடைந்த சக்தியெல்லாம் சூடாக மாறுகிறது. கூடவே, கிளட்சுகள் வழுக்காமல் இருக்க வண்டியின் கம்ப்யூட்டர் ஆயில் அழுத்தத்தையும் கூட்டும். சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும், கன அளவில் விரியும். சாதாரண நாளில் தாக்குப்பிடித்த பழைய சீல் இந்த மூன்றும் சேரும்போது விட்டுக்கொடுத்துவிடுகிறது.

பொதுவாக 175 முதல் 200 டிகிரி பாரன்ஹீட் வரை நிம்மதியான வெப்பம். புதிய 10 கியர் பெட்டிகள் இதைவிடக் கொஞ்சம் மேலேயே ஓடும்படி செய்யப்பட்டவை, 210 என்று காட்டினால் பதற வேண்டாம். 240-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஒதுங்கிவிடுங்கள். மீட்டரில் இந்த அளவு காட்டாத வண்டி என்றால், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகி போனிலேயே பார்க்கலாம். 1996-க்குப் பிறகு வந்த பிக்கப்களில் அந்த சாக்கெட் இருக்கும்.

அரிசோனாவில் புல்ஹெட் சிட்டிக்கு வெளியே, நெடுஞ்சாலை 68-இல் டேவிஸ் டேம் ஏற்றம் என்று ஒன்று இருக்கிறது. 11.4 மைல் தூரம் ஏறிக்கொண்டே போகும் பாலைவனச் சாலை. வண்டிக் கம்பெனிகள் இழுவைத் திறனை அறிவிக்கப் பின்பற்றும் ஜே2807 என்ற சோதனை முறையே அந்த ஏற்றத்தை அளவுகோலாக வைத்ததுதான். வெளியே 100 டிகிரி வெயில், ஏசி முழு வேகத்தில், பின்னால் முழு பாரம். விளம்பரத்தில் வரும் எண் அங்கே தேறிய புது வண்டியின் எண் என்பதை மறந்துவிடாதீர்கள். உங்களுடையது எட்டு வருடப் பழைய சீல்களோடு ஓடுகிற வண்டி.

ஒழுகுவது டிரான்ஸ்மிஷன் ஆயில்தானா?

ராத்திரி முழுக்க வண்டிக்கடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவையுங்கள். முன்சக்கரங்கள் இருந்த இடத்தை அதில் பேனாவால் குறித்துக்கொண்டால், காலையில் சொட்டு விழுந்த இடத்தை வண்டியோடு பொருத்திப் பார்க்கலாம். சொட்டை வெள்ளை டிஷ்யூவில் ஒற்றி வெளிச்சத்தில் பாருங்கள்.

டிரான்ஸ்மிஷன் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. பழசானால் செங்கல் நிறமாகி, பிறகு பழுப்பாகும். எரிந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்சுகள் கருகத் தொடங்கியிருக்கலாம். எல்லா ஆயிலும் சிவப்பாக இருக்கும் என்று நினைக்கக்கூடாது, சில பெட்டிகளுக்கு வேறு நிறத்தில் வருகிறது. பயணியின் பக்கம் சொட்டுகிற நிறமில்லாத தண்ணீர் ஏசியுடையது, விட்டுவிடலாம். பின்அச்சுப் பக்கம் கந்தக வாடையோடு கெட்டியாக ஒழுகினால் அது டிஃபரன்ஷியல் ஆயில். கூலண்ட் வழவழப்பு குறைவு, இனிப்பு வாடை அடிக்கும்.

குழப்புகிறவை இரண்டு. பழைய வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்குக்கும் இதே சிவப்பு ஆயில்தான் ஊற்றுவார்கள். நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும் (4x4) வண்டியில், டிரான்ஸ்மிஷனுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளும் பல மாடல்களில் இதே வகை ஆயில் இருக்கும். சிவப்பைப் பார்த்ததும் டிரான்ஸ்மிஷன் போச்சு என்று முடிவுகட்டிவிடாமல், இந்த இரண்டின் அளவையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

துடைத்து, தூவி, மறுபடி இழுத்துப் பார்ப்பது

ஓடும் வண்டியில் காற்று ஆயிலைப் பின்னோக்கி அடித்துக்கொண்டு போகும். முன்னால் ரேடியேட்டர் பக்கம் கசிந்தது பின்னால், பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரில் சொட்டும். ஏற்கெனவே ஆயிலில் குளித்திருக்கும் வண்டிக்கடியில் தேடுவது வீண் வேலை. முதலில் சுத்தம் செய்தாக வேண்டும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ட்ரெய்லரைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பிக்கப் உயரமானதால் பல வேலைகளுக்கு ஜாக்கி தேவைப்படாது. தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஜாக் ஸ்டாண்டு போடாமல் அடியில் போகாதீர்கள், ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது. நன்றாக ஆறிய பிறகு டீக்ரீஸரும் பிரேக் கிளீனரும் கொண்டு பெட்டி முழுக்கத் துடையுங்கள். பிரேக் கிளீனர் சூடான எக்ஸாஸ்டில் படக்கூடாது. பிரஷர் வாஷர் அடிக்கிறவர்கள் வயர் கனெக்டர்கள் பக்கம் போகாதீர்கள்.

அடுத்து அடையாளம் வைப்பது. உதிரிபாகக் கடைகளில் டிரான்ஸ்மிஷன் ஆயிலில் கலக்கும் யூவி சாயமும், அதற்கான டார்ச்சும் மஞ்சள் கண்ணாடியும் ஒரே செட்டாகக் கிடைக்கும். சாயத்தை ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, இருட்டில் டார்ச் அடித்தால் கசிந்த இடம் பச்சையாகப் பளிச்சென்று தெரியும். ஆனால் இன்றைய வண்டிகள் பலவற்றில் பானெட்டைத் திறந்தால் டிப்ஸ்டிக்கே இருக்காது. பெட்டியின் பக்கத்தில் இருக்கும் பிளக் வழியாகத்தான் ஊற்ற வேண்டும், அது எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டியே இருக்கும். புதிதாகக் கைவைக்கிறவர்களுக்கு அது சிரமம். அவர்களுக்கு நான் சொல்வது ஃபுட் பவுடர் ஸ்ப்ரே. காலுக்கு அடிக்கிற அதே மருந்துக்கடை ஸ்ப்ரேதான். துடைத்து உலர்ந்த உலோகத்தின் மேல் அடித்தால் வெள்ளையாகப் படியும். கசிவு தொடங்கும் இடத்தில் அந்த வெள்ளையில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு விழும். சில டாலரில் முடிகிற வேலை, சாயத்தைவிடத் தெளிவாகவே காட்டும் பல நேரம்.

இப்போது ட்ரெய்லரை மாட்டுங்கள். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பலர் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் ஏற்ற இறக்கமுள்ள சாலையில், வழக்கமாக இழுக்கும்போது எந்த வெப்பம் காட்டுமோ அந்த அளவு வரும்வரை ஓட்டுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பத்திரமான இடத்தில் நிறுத்தி அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரேயடியாக ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டால் காற்று எல்லாவற்றையும் பூசிமெழுகிவிடும், மறுபடியும் துடைப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பார்க்கும்போது ஒரே விதி: ஈரமான இடங்களில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அங்கேதான் கசிவு தொடங்குகிறது. சொட்டுகிற இடத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

எங்கே, எதனால்

இழுவையில் மட்டும் ஒழுகுகிறதென்றால் நான் முதலில் பார்ப்பது கூலர் லைன்களைத்தான். பெட்டியிலிருந்து முன்பக்கக் கூலருக்கு ஆயிலைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் இரண்டு குழாய்கள். பாதி தூரம் உலோகம், நடுவில் ரப்பர். இரண்டும் சேருமிடத்தில் ஓர் உலோக வளையத்தை அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். நல்ல நிலையில் அந்த வளையம் உலர்ந்து, சாம்பல் நிறத் தூசியோடு இருக்கும். கசிகிற வளையத்தைச் சுற்றி மட்டும் ஆயிலும் தூசியும் சேர்ந்து கறுப்பாக ஒரு பட்டை கட்டியிருக்கும். அதை விரலால் வழித்துவிட்டு, சூடான இன்ஜின் ஓடும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பரின் விளிம்பில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு துளிர்த்து, மெல்லப் பெரிதாகி, குழாயின் அடிப்பக்கமாகவே ஓடி, அடுத்த வளைவில் போய்ச் சொட்டும். வளையத்துக்கும் சொட்டுக்கும் நடுவே இரண்டு அடி தூரம்கூட இருக்கலாம். அதனால் சுத்தமான டிஷ்யூவைக் குழாய் நெடுக ஒற்றிக்கொண்டே முன்னோக்கிப் போங்கள், ஈரம் எங்கே நிற்கிறதோ அதுதான் இடம். கையும் சட்டைக் கையும் ரேடியேட்டர் விசிறிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வளையத்தின் மேல் கிளாம்ப் போட்டு இறுக்குவது வீண், லைனையே மாற்றிவிடுவதுதான் வேலை. குழாய் பெட்டியிலோ கூலரிலோ செருகும் இடத்தில் கசிந்தால் பெரும்பாலும் உள்ளிருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்தான், அது மலிவு.

இரண்டாவது, பெட்டியின் உச்சியில் இருக்கும் காற்றுத்துளை. சூட்டில் விரியும் காற்று வெளியேற வைத்த சின்ன வழி அது. ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருந்தால், சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். பாரத்தில் சூடேறியதும் நுரை அந்தத் துளை வழியாகப் பொங்கி, பெட்டியின் இரு பக்கமும் வழியும். மேலிருந்து இரு பக்கமும் ஒரே மாதிரி நனைந்திருக்கிறது, சமீபத்தில்தான் ஆயில் மாற்றினீர்கள் என்றால், எந்த சீலையும் தொடுவதற்கு முன்பு அளவைப் பாருங்கள். வண்டிப் புத்தகம் சொல்லும் வெப்பத்தில், இன்ஜின் ஓடும்போது, சமதரையில் பார்க்க வேண்டும். ஆறிய வண்டியில் பார்த்து ஊற்றியதால்தான் பலருக்கு இந்தக் கோளாறே வருகிறது. அதிகமானதை வடித்துவிட்டால் கதை முடிந்தது.

இன்ஜினும் பெட்டியும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து சிவப்பாகச் சொட்டினால் அது நல்ல சேதி இல்லை. கன்வெர்ட்டர் நுழையுமிடத்து முன் சீல், அல்லது பம்பின் ஓ-ரிங். சீலின் விலை அற்பம், ஆனால் மாற்றப் பெட்டியையே இறக்க வேண்டும். கூலி அங்கேதான் ஏறுகிறது. அதே இடத்தில் இன்ஜினின் பின்பக்க சீலும் ஒழுகும், அது இன்ஜின் ஆயில். இரண்டும் பழுப்பாகிவிட்ட பழைய வண்டியில் கண்ணால் பிரித்தறிய முடியாது, டிரான்ஸ்மிஷனில் மட்டும் சாயம் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த வேலையை வீட்டு முற்றத்தில் தொடங்க வேண்டாம்.

நிறுத்திவைத்த பிறகு ராத்திரியில் மட்டும் சொட்டுகிறது என்றால் விஷயம் வேறு. இன்ஜின் நின்றதும் கன்வெர்ட்டரிலும் லைன்களிலும் இருந்த ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும், பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான பேனில் மட்டம் உயரும். ஓடும்போது மட்டத்துக்கு மேலே இருந்த பேன் கேஸ்கெட், கியர் லிங்க் நுழையும் சீல், வயர் கனெக்டரின் சீல் எல்லாம் அப்போது ஆயிலில் மூழ்கிவிடும். பேன் ஒழுகினால் போல்ட்டை இன்னும் இரண்டு சுற்று முறுக்கத்தான் கை போகும். முறுக்காதீர்கள், பேன் வளைந்து கசிவு கூடும். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சை வைத்து, வண்டிப் புத்தகம் சொன்ன அளவு மட்டும்தான். இசட்எஃப் வடிவமைத்த 8 கியர் பெட்டியில் பேன் பிளாஸ்டிக், ஃபில்டரும் அதோடு ஒட்டியே வருகிறது. மாற்றினால் முழுசாகத்தான் மாற்ற முடியும்.

பின்பக்கச் சீல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிரைவ்‌ஷாஃப்ட் நுழையுமிடம் நனைந்திருந்தால் அதுதான். படகு இழுக்கிறவர்கள் மட்டும் கவனிக்க: ராம்ப்பில் இறங்கி நிற்கும்போது வண்டி பின்பக்கம் சரிந்து நிற்கும், ஆயிலும் பின்னால் போய்ச் சேரும். ராம்ப்பில் மட்டும் சொட்டினால் முதல் சந்தேகம் இந்த சீல் மேல்தான். அலிசன் பெட்டி உள்ள ஹெவி டியூட்டி வண்டிகளில் வெளியே திருகும் ஃபில்டர் இருக்கும். மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியது உட்கார்ந்துவிட்டால் அழுத்தத்தில் பீய்ச்சும்.

கடைசியாக ஒன்று, தரையில் சொட்டே விழாத கசிவு. அளவு மட்டும் குறைந்துகொண்டே போகும். பல வண்டிகளில் ஆயில் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது உள்ளே விரிசல் விட்டால் ஆயிலும் கூலண்டும் கலக்கும். இன்ஜின் ஆறிய பிறகு கூலண்ட் டப்பாவைத் திறந்து பாருங்கள். ரோஸ் மில்க் நிறத்தில் குழம்பியிருந்தால் அதற்குமேல் ஒரு மைல்கூட ஓட்ட வேண்டாம், கூலண்ட் கிளட்சுப் பட்டைகளை உரித்தெடுத்துவிடும்.

இடம் தெரிந்த பிறகு

புதிய வண்டி என்றால் எதையும் கழற்றாதீர்கள். பவர்ட்ரெயின் வாரண்டி பெரும்பாலும் 5 ஆண்டு அல்லது 60,000 மைல், சீல் கசிவுகள் வழக்கமாக அதில் அடங்கும். பவுடரில் விழுந்த சிவப்புக் கோட்டையும், அந்த நேரத்து வெப்ப அளவையும் போனில் படமெடுத்துக்கொண்டு போனால் "ஒன்றும் தெரியலையே" என்ற பதில் வராது. ட்ரெய்லர் மாட்டி ஓட்டினால்தான் தெரியும் என்பதையும் வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கசிவை அடைக்கும் என்று விற்கிற பாட்டில்களை நான் ஊற்ற மாட்டேன். ரப்பரை ஊதவைத்துக் கொஞ்ச நாள் நிறுத்தும், பாரத்தில் மறுபடி ஒழுகும். குறைந்த ஆயிலை நிரப்பும்போது புத்தகத்தில் சொன்ன வகையை மட்டும் ஊற்றுங்கள். 10 கியர் பெட்டிகளுக்கான யூஎல்வி ஆயில் மிகவும் நீர்த்தது, அங்கே மெர்கான் 5 என்ற பழைய வகை ஆயிலையோ எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதிய டப்பாவையோ ஊற்றினால் கியர் மாறுவதே கெட்டுப்போகும்.

சரிசெய்த பிறகு மறுபடியும் துடைத்து, பவுடர் அடித்து, அதே ட்ரெய்லரோடு அதே சாலையில் ஒரு சுற்று. பாரம் இழுப்பதற்கென்று இருக்கும் டோ-ஹால் பொத்தானை அழுத்தியே ஓட்டுங்கள், தேவையில்லாமல் மேல் கியருக்குத் தாவித் தாவிச் சூடேறுவது குறையும். போகிற வழியில் டிரக் ஸ்டாப்பில் இருக்கும் எடைமேடையில் ஒரு முறை ஏற்றி நிறுத்தி, வரும் எடைகளை வண்டியின் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடும் புத்தகத்தில் உள்ள இழுவை அளவோடும் ஒப்பிடுங்கள். அளவுக்கு மேல் இருந்தால் எந்தப் புது சீலும் அடுத்த கோடையைத் தாண்டாது. வடித்த ஆயிலை மூடியுள்ள டப்பாவில் ஊற்றி உதிரிபாகக் கடையில் கொடுத்துவிடுங்கள். ஆட்டோசோன், ஓரெய்லி மாதிரியான கடைகளில் காசில்லாமல் வாங்கிக்கொள்வார்கள், கூலண்ட் கலந்ததை மட்டும் தனியாக வைத்து முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.